இருவருக்கும் ஒரே பல்வலி

அருவங்காட்டிலிருந்து ஜெகதளா போகும் காலைப் பேருந்து. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, வெளியே இருக்கும் மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வண்டிக்குள் ஈர ஸ்வெட்டர் வாடை. நான் ஜன்னலோரத்தில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டர் வந்து, "எங்கீங்க?" என்றார்.

"இன்னும் ஐந்து ஆண்டுகளில் நான் ஒரு தலைமைப் பொறுப்பில் இருப்பேன்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு முன்னால ஜெகதளா வந்துருமுங்க. அங்கியே எறங்கிக்கிறீங்களா?" என்று கேட்டு, கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கையில் வைத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தன் முட்டைக்கோஸ் பையைத் தூக்கிக்கொண்டு பின் இருக்கைக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்த வழித்தடத்தில் பல நாட்கள் எனக்கு இரண்டு பேர் இருக்கை தனியாகக் கிடைத்தது. அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

நான் படித்துக்கொண்டிருந்தது ஒரு நேர்முகத் தேர்வுக்கு. பதவியின் பெயர் பட்ஜெட் அனலிஸ்ட். அப்போது எனக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

போன வாரம் எங்கள் குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகிய கதையை எழுதியதற்கு, "உங்களுக்கு வேலைவெட்டியே கிடையாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருந்தது. ஜெகதளாவைத் தாண்டி ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலை. சிறு விவசாயிகளிடம் பச்சை இலையை வாங்கித் தூளாக்கி விற்பார்கள். அதன் அலுவலகத்தில் இரண்டு மேசைகள். ஒன்று எனக்கு. எதிர் மேசை நிர்மலாவுக்கு. பதினோரு வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் கணவர் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அந்த வருடம் மழை ஓயும் சமயத்தில் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது தேநீர் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார். அன்று பிஸ்கட்டும் இருந்தது.

"எனக்கு முடியலம்மா. பசங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல இருந்து வரப் போறதில்ல. ஃபேக்டரிய குத்தகைக்கு விடறேன். எடுக்கறவரு ஆபீசுக்குச் சொந்த ஆளுங்கள கூட்டிட்டு வர்றாராம்" என்றார்.

நிர்மலா பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிய கையை எடுக்க மறந்துவிட்டாள். பிஸ்கட் கரைந்து அடியில் போய்விட்டது. அவள் கணவர் லாரி ஓட்டுபவர். முதுகெலும்பில் அடிபட்டு ஒரு வருடமாக வீட்டில் இருந்தார். அந்தச் சம்பளம் ஒன்றுதான் அவர்களுக்கு. எனக்காவது என் கணவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். ஆனால் பதினோரு வருடம் காலையில் எழுந்து போய்க்கொண்டிருந்த ஒருத்திக்கு, போக இடம் இல்லை என்பது சம்பளத்தைவிடப் பெரிய பயம்.

அந்த வாரமே கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். ஊட்டியில் ஒரு உறைவிடப் பள்ளி. பட்ஜெட் அனலிஸ்ட், ஒரு இடம். விண்ணப்பித்தேன். பத்து நாளில் அழைப்பு வந்துவிட்டது.

அன்னூரில் இருக்கும் மாமியாருக்கு என் கணவர் போன் செய்து பெருமையாகச் சொன்னார். எங்கள் குவார்ட்டர்ஸில் சிக்னல் சமையலறை ஜன்னலில் மட்டும்தான் வரும், அதுவும் அரைகுறையாக. "ஊட்டியில பட்ஜெட் வேலைம்மா" என்று இவர் சொன்னது, அங்கே "ஊட்டுல பட்ஜெட் வேலை" என்று, அதாவது வீட்டில் என்று, போய்ச் சேர்ந்தது.

"ஊட்டுல பட்ஜெட் போடறதுக்கு எதுக்குடா இன்டர்வ்யூ? இத்தன வருசமா யாரு போட்டா?" என்று மாமியார் கேட்டார்.

அவரைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் ஆனது.

குளிர் தாங்குவீங்களா

அதுவரை நான் மூன்று நேர்முகத் தேர்வுகளைச் சந்தித்திருந்தேன்.

முதலாவது கல்லூரி முடித்த கையோடு, சமவெளியில் ஒரு நூற்பாலையில். மேலாளர் என் சான்றிதழைப் பார்க்கவே இல்லை. "கல்யாணம் எப்ப?" என்று மட்டும் கேட்டார். "நீங்க வேலை குடுத்தா அப்பா கொஞ்சம் தள்ளிப் போடுவாருங்க" என்றேன். அவர் கொடுக்கவில்லை. அப்பாவும் தள்ளிப் போடவில்லை.

இரண்டாவது பெண் பார்க்க வந்தது. என் கணவர் கேட்டது ஒரே கேள்வி. "குளிர் தாங்குவீங்களா?" நான் அதுவரை மேட்டுப்பாளையத்துக்கு மேலே போனதில்லை. "தாங்குவேனுங்க" என்றேன். மலைக்கு வந்த முதல் இரவு ஆறு கம்பளி கேட்டேன். பொய் சொல்லித் தேர்வானது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது தேயிலைத் தொழிற்சாலை முதலாளி நடத்தியது. "பொய் சொல்லுவியாம்மா?" என்றார். கம்பளி நினைவுக்கு வந்தது. "தேவைப்பட்டா சொல்லுவேனுங்க. கணக்குல சொல்ல மாட்டேன்" என்றேன். "நாளைக்கு வந்துரு" என்றார்.

ஆக, எனக்கு இருந்த அனுபவத்தை வைத்து ஊட்டிக்குப் போக முடியாது என்று எனக்கே தெரிந்தது.

ஏழு குறைகள்

யூடியூபில் ஒரு வெள்ளைக்கார இளைஞன் கிடைத்தான். வேலைத் தேர்வுகளில் கேட்கும் முப்பது கேள்விகளுக்குப் பதில் வைத்திருந்தான். ஒவ்வொரு பதிலையும் முடித்துவிட்டு, ஆட்காட்டி விரலால் காற்றில் ஒரு மணியைத் தட்டிக் காட்டுவான். நான் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே அவனைக் கேட்டேன். குளிக்கப் போகும்போது கைப்பேசியை வாசலில் வைத்துவிட்டுப் போய்க் கேட்டேன். பதில்கள் மனப்பாடமாகிவிட்டன. பொருள்தான் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"வேரியன்ஸ்" என்று ஒரு சொல் அவன் வாயில் அடிக்கடி வந்தது. போட்ட திட்டத்துக்கும் நடந்த செலவுக்கும் உள்ள வித்தியாசம். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த வேலையே. இதை என் கணவரிடம் விளக்கினேன். "அப்ப நீ மாசாமாசம் என்னைக் கேக்கறயே, அதுக்குப் பேருதான் வேரியன்ஸா?" என்றார். ஆமாம் என்றேன். அந்தச் சொல்லின் மேல் அவருக்கு அன்றே வெறுப்பு வந்துவிட்டது.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு நடத்த ஒப்புக்கொண்டார். துணி தேய்க்கும் மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான் சேரவில்லை. என்னை வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு வரச் சொன்னார்.

தட்டினேன். கதவு திறக்கவில்லை.

"ஏனுங்க, தொறக்கறீங்களா?"

"அதிகாரிய அப்படிக் கூப்பிடக் கூடாது. மறுபடியும் தட்டு."

உள்ளே போய் உட்கார்ந்ததும், "உங்களைப் பத்தி சொல்லுங்க" என்றார்.

"உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"நான் இப்ப உன்ற ஊட்டுக்காரன் இல்ல. சொல்லுங்க."

சொன்னேன். நன்றாகவே போனது. பிறகு, "உங்ககிட்ட இருக்கற குறைங்க என்ன?" என்றார். அந்த வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தபடி, வேலையில் அளவுக்கு மீறி ஈடுபாடு காட்டுவதுதான் என் ஒரே குறை என்றேன்.

அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ஏழு குறைகளை எண் போட்டு எழுதி வைத்திருந்தார். மூன்றாவது, லைட்டை அணைக்காமல் போவது. ஐந்தாவது, சொன்னதையே சொல்வது. ஆறாவதும் ஐந்தாவதும் ஒன்றுதான், வேறு வார்த்தையில் எழுதியிருந்தார்.

அன்று மதியம் சாப்பாடு தாமதமானது. அதை எட்டாவதாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒரே பல்

தேர்வு ஒரு புதன்கிழமை. முதலாளியிடம் உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் கடைசி நாள் வரை எங்களை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கும்போது, இப்போதே வேறு வேலை தேடுவது, சாகக் கிடப்பவர் வீட்டில் பாத்திரத்துக்கு விலை கேட்பது போல. பல்வலி, மருத்துவரிடம் போக வேண்டும் என்று லீவ் லெட்டர் எழுதி அவர் மேசையில் வைத்தேன்.

சிறிது நேரத்தில் முதலாளி வெளியே வந்தார். கையில் இரண்டு கடிதங்கள்.

"புதன்கிழமை உனக்குப் பல்வலி. நிர்மலாவுக்கும் புதன்கிழமை பல்வலி. ரெண்டு பேருக்கும் ஒரே பல்லாம்மா?"

நான் நிர்மலாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

முதலாளி இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். "ஊட்டியில நல்ல டாக்டரு இருக்காங்கன்னு சொன்னாங்க. போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அன்று மாலை பேருந்து நிறுத்தம் வரை ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து, ஸ்டேப்ளர் வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொண்டோம். எனக்குக் கோபம், அதே இடத்துக்கு விண்ணப்பித்ததை அவள் மறைத்ததில். நானும் மறைத்தேன் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் சொன்னேன். "நான் போகலீங்க. அவளுக்குத்தான் அந்த வேலை வேணும். அவ ஊட்டுக்காரரு எந்திரிச்சு நடக்கவே இன்னும் நாளாகும்."

"அப்ப அவளுக்குச் சொல்லிரு" என்றார்.

வாந்தியும் வேரியன்ஸும்

சனிக்கிழமை நானே அவளைத் தேடிப் போனேன். சொன்னேன். நன்றி சொல்வாள், நாலு சொட்டுக் கண்ணீர் விடுவாள், நான் பெருந்தன்மையாக அவள் கையைப் பிடித்துக்கொள்வேன் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதென்ன புள்ள, நீ வந்தா உனக்குத்தான் கெடைக்கும்னு முடிவே பண்ணீட்டயா?"

நான் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

"அதுவுமில்லாம நீ வரலைன்னா நான் தனியா ஊட்டி பஸ்ல போகோணும். எனக்கு வளைவுல வாந்தி வரும். பைய யாரு புடிக்கறது?"

அறைக்குள்ளிருந்து அவள் கணவரின் குரல் வந்தது. "அவங்கள கூட்டிட்டுப் போயிரு நிர்மலா. என்னால பை புடிக்க வர முடியாது."

அதற்குப் பிறகு சேர்ந்தே படித்தோம். நான் அவளுக்கு வேரியன்ஸ் சொல்லிக்கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டு, "இது நம்ம காலண்டர்தான?" என்றாள்.

ஒவ்வொரு வருடமும் முதலாளி, அடுத்த வருடம் எவ்வளவு விறகு, எவ்வளவு கரண்ட், எந்த மாதம் எவ்வளவு இலை என்று கேட்பார். நாங்கள் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதிக் கொடுப்போம். மாதம் முடிந்ததும் நடந்ததைப் பக்கத்தில் எழுதி, ஏன் மாறியது என்று நாலு வரி. பதினோரு வருடக் காலண்டர் பீரோவில் இருந்தது. அந்த வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிச் சம்பளம் கேட்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. "கேள்வி கேட்டா டக்குனு பதில் சொல்லோணும். யோசிச்சா தெரியாதுன்னு நெனச்சுக்குவாங்க" என்றேன்.

"தெரியலைன்னா?"

"தெரிஞ்ச மாதிரி சொல்லோணும்."

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

கேரட் வண்டி

புதன்கிழமை காலை எல்லநள்ளிக்கு முன்னால் சாலையில் ஒரு கற்பூர மரம், தைல மரத்துக்கு எங்கள் மலைப் பெயர், விழுந்து கிடந்தது. பேருந்து நின்றுவிட்டது. அதற்குள் நிர்மலா இரண்டு பைகளை முடித்திருந்தாள். இறங்கி மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பிய ஒரு கேரட் வண்டி வழியில்லாமல் ஊட்டி மார்க்கெட்டுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

"முன்னால எடமில்லீங்கக்கா. பின்னால ஏறிக்கிறீங்களா?" என்றார் டிரைவர்.

அப்போதுதான் கழுவிய கேரட். மூட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரி போட்ட புடவைகளோடு மூட்டை மேல் உட்கார்ந்தோம். காற்று முகத்தில் அடித்தது. நிர்மலாவுக்கு வாந்தி வரவில்லை. "இனிமே இப்படியே போலாம் போல இருக்குது புள்ள" என்றாள். நான் அவளிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்தேன். பின்னால் ஜீப்பில் வந்த சுற்றுலாப் பயணிகள் எங்களைப் படம் எடுத்தார்கள்.

பள்ளி வாசலில் டிரைவர் இறக்கிவிட்டார். காவலாளி வண்டியையும் எங்கள் ஈரப் புடவையையும் பார்த்துவிட்டு, "கிச்சனு பின்பக்கம்மா. எடை போட ஆள் வருவாரு" என்றார்.

அழைப்புக் கடிதத்தைக் காட்டினோம். அவர் அதைப் படித்துவிட்டு, கொஞ்ச நேரம் எங்கள் தலையையே பார்த்தார். பிறகு தயக்கத்தோடு, "தலையில கேரட் எல இருக்குங்க மேடம்" என்றார்.

பன்னிரண்டால் வகுக்கக் கூடாது

காத்திருந்த மற்ற மூவரும் கோட் போட்ட இளைஞர்கள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இரண்டு பேர். பள்ளி முதல்வரான அம்மையார். பக்கத்தில் பள்ளியின் நிதியைக் கவனிப்பவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பற்றிக் கேட்டார்கள். மனப்பாடம் செய்ததைத் தடங்கலில்லாமல் சொன்னேன். முடித்ததும் என் ஆட்காட்டி விரல் தானாக எழுந்து காற்றில் மணியைத் தட்டியது. ராணுவக்காரர் பின்னால் திரும்பி, அங்கே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். பள்ளியின் போன வருடச் செலவு. திட்டம் ஒரு வரிசை, நடந்தது ஒரு வரிசை. "இதில் என்ன தவறு?"

தாளைப் பார்த்ததும் ஆங்கிலம் போய்விட்டது. "தமிழ்ல சொல்லலாங்களா?" என்றேன். முதல்வர் தலையாட்டினார்.

"வெந்நீர் பாய்லருக்கு டீசல் போட்டிருக்கீங்க. வருசத்துக்கு ஆகறத பன்னெண்டால வகுத்து மாசாமாசம் ஒரே மாதிரி எழுதியிருக்குது. இந்த ஊர்ல பன்னெண்டால வகுக்கக் கூடாதுங்க. லீவுல குழந்தைங்களே இல்ல. மழையிலயும் உறைபனியிலயும் ரெண்டு மடங்கு ஆகும். எங்க ஃபேக்டரில இலையும் அப்படித்தானுங்க, ஒரு மாசம் கொட்டும், ஒரு மாசம் ஒண்ணுமிருக்காது. மாசத்தப் பார்த்துப் போடோணும்."

ராணுவக்காரர் ஏதோ குறித்துக்கொண்டார். கால்மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். இன்னும் ஒரு கேரட் இலை ஒட்டியிருந்த தலையோடு, அந்தப் பள்ளியையே வாங்கிவிட்டவள் போல நடந்தேன்.

நிர்மலா கடைசியாகப் போனாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்ததும், "டீசல் சொன்னயா?" என்றேன்.

"சொல்லல. போன மூணு வருசத்துத் தாளக் குடுங்க, அதப் பாக்காம சொல்ல மாட்டேன்னு சொன்னேன். தேடி எடுத்துட்டு வர நேரமாயிருச்சு. அப்பறந்தான் பாத்தேன், மூணு வருசமும் ஒரே தப்பத்தான் பண்ணியிருக்காங்க. டீசல்லயும், ரொட்டியிலயும்."

ரொட்டி எனக்குத் தெரியவே இல்லை. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. திரும்பும் பேருந்தில் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே, யாருக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் வரைக்கும்

அடுத்த வாரம் அலுவலக நேரத்தில் அவள் கைப்பேசி ஒலித்தது. "எஸ் மேடம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வெளியே போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அந்த முதுகு நிமிர்வதைப் பார்த்தேன். ஒரு வருடமாக அது கூனியிருந்தது என்பதே அப்போதுதான் உறைத்தது.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றேன். தேர்வுக்குப் படித்ததைத் தவிர, அவளிடம் நான் பேசிய முதல் ஆங்கிலம் அதுதான்.

வீட்டுக்குப் போய்க் குக்கரைத் தேய்த்தேன். "அது என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார் என் கணவர். அவள் தகுதியானவள், அவளுக்குத் தேவை, எல்லாம் தெரியும். தெரிந்தும் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இதை மறைத்து எழுதினால் இந்தத் தொடருக்குப் பொருளில்லை.

தை பிறந்ததும் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் காலை அருவங்காடு நிறுத்தத்தில் ஊட்டி பேருந்துக்கு நின்றாள். நானும் போய் நின்றேன். புல்லெல்லாம் உறைபனி. வாயைத் திறந்தால் புகை.

"கோவமா புள்ள?" என்றாள்.

"ஆமா."

"எத்தன நாளைக்கு?"

யோசித்தேன். "மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும். அடுத்த வருசத்துக்குக் கொண்டு போக மாட்டேன்."

"சரி" என்று அவள் ஒரு செலவுத் தொகையை ஏற்றுக்கொள்வது போலத் தலையாட்டினாள். பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

குத்தகைக்கு எடுத்தவர் தன் ஆட்களோடு வந்தார். பீரோவைக் காலி செய்யச் சொன்னபோது காலண்டர் தாள்கள் அவர் கையில் கிடைத்தன. ஒரு மணி நேரம் நின்றுகொண்டே படித்தார். "இத எழுதுனது யாரு?" என்றார். "நானும் நிர்மலாவும்" என்றேன். "அவங்க எங்க?" "ஊட்டியில பட்ஜெட் அனலிஸ்டா இருக்காங்க." அவர் என்னை இருக்கச் சொன்னார். எதிர் மேசைக்கு ஒரு பையனைப் போட்டார். அவன் முகத்தைப் பார்த்துப் பழக எனக்கு நாளாயிற்று.

நிர்மலா இரண்டரை மாதம் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

ஏப்ரல் முதல் தேதி காலை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. என் கணவர் திறந்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, "உனக்குத்தான்" என்றார். நிர்மலா வாசலில் நின்றாள். கழுத்தில் பள்ளியின் அடையாள அட்டை.

"கணக்கு முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"மிச்சம் ஏதாச்சும்?"

"கொஞ்சம் இருக்குது."

"இருக்கட்டும். காபி போடு, ஏழே முக்காலுக்கு எனக்கு பஸ்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.